கவ்வியில் சிக்காத வண்டி

1

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சைக்கிள் நிறுத்துவதற்கென்று ஓர் அறை உண்டு. சனிக்கிழமை காலையில் அங்கே போனால் பக்கத்து வீட்டு வில்லெம் கட்டாயம் இருப்பார். ஓய்வு பெற்ற ஆசிரியர். போன வருடம் ஒரு சைக்கிள் வாங்கினார். அதைச் சைக்கிள் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சாய்வு நாற்காலிக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் மாட்டிவிட்டது போல இருக்கும். மனிதர் அதில் மல்லாந்து படுத்துக்கொண்டு, காலை முன்னால் நீட்டி மிதித்தபடி ஊரைச் சுற்றுவார். முதுகுவலியா என்று கேட்டேன். இல்லையாம், ஜாலிக்காம்.

அந்த வண்டிக்குச் சங்கிலி மாற்ற வேண்டியிருந்தது. ஹாலந்தில் பாதிப் பேர் சைக்கிளை வீட்டிலேயே பழுது பார்த்துக்கொள்வார்கள். அதற்கென்றே ஒரு ஸ்டாண்டு விற்கிறது. நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புக் கால், உச்சியில் ஒரு கை, கையின் நுனியில் ஒரு கவ்வி. சைக்கிளின் குழாயைக் கவ்விக்குள் கொடுத்து முறுக்கினால் வண்டி தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்கும். நாம் நின்றபடியே பெடலைச் சுற்றி வேலை பார்க்கலாம். வில்லெமின் வண்டியை எப்படித் திருப்பிக் கொடுத்தாலும் அந்தக் கவ்வி பிடிக்கவில்லை. அதன் குழாய் பட்டையாக, வளைந்து வளைந்து போகும். மனிதர் கோபப்படவில்லை. ஸ்டாண்டு செய்த கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது, கூடவே ஒரு சின்னப் பெட்டியும். வில்லெம் எனக்கு மெதுவாக வாசித்துக் காட்டினார். உங்கள் வண்டியின் வடிவத்தை யோசிக்காமல் விட்டது எங்கள் குறை, வருந்துகிறோம், அதற்கேற்ற துணைக் கவ்வியை இலவசமாக அனுப்பியிருக்கிறோம் என்று எழுதியிருந்தது.

எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. வில்லெம் மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? இரண்டு காலும் நன்றாக இருக்கிற ஒருவர் ஜாலிக்காகப் படுத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டிக்கு மன்னிப்புக் கடிதம் வருகிறது. இரண்டு காலும் விளங்காத என் தங்கை பிழைப்புக்காக ஓட்டுகிற வண்டிக்கு இன்றைய தேதி வரை எவனும் வருத்தம் தெரிவித்ததில்லை. என்னிடமும் ஒரு காலத்தில் அதே கம்பெனியின் ஸ்டாண்டு ஒன்று இருந்தது. அதைத் திண்டுக்கல் வரை சுமந்துகொண்டு போய் நான் செய்த காரியத்தை இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

2

ராணி எனக்கு ஆறு வயது இளையவள். மூன்று வயதில் போலியோ வந்தது. அப்போது அப்பா கொடைரோட்டுப் பக்கம் மல்லிகை போட்டிருந்தார். கிணறு வற்றிப் போனதும் திண்டுக்கல் டவுனுக்கு வந்துவிட்டோம். நான் தோல் பதனிடுகிற ஷாப் ஒன்றில் ரசாயனம் கலக்கிற வேலைக்குப் போனேன். ராணி வீட்டில் தவழ்ந்தே வளர்ந்தாள், படித்தாள், பன்னிரண்டாவது பாஸ் செய்தாள். தெருவுக்கு வர வேண்டுமென்றால் யாராவது தூக்க வேண்டும்.

தொண்ணூற்று நான்கில் அவளுக்கு அரசாங்கத்தின் மூன்று சக்கர வண்டிக்கு எழுதிப் போட்டோம். அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அதைத் தருகிற அலுவலகம் மாடியில் இருந்தது. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. நடக்க முடியாதவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் இடத்தை மாடியில் வைத்த மகராசன் யாரோ, அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அங்கே இருந்த கிளார்க் பழனிப் பக்கத்துக்காரர். பேச்சில் மரியாதைக்குக் குறைவே இல்லை.

“ஏனுங்க, ஆளைப் பாக்காம எப்படிங்க எழுதறது? மேல கூட்டிட்டு வாங்க.”

“படி ஏற முடியாதுன்னுதான சார் சர்டிபிகேட்டே கேக்குறோம்?”

“அதைய நாங்க பாத்துத்தானுங்க எழுதோணும்.”

இருபத்திரண்டு வயதுப் பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு அந்தப் படிகளில் ஏறினேன். அவள் முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள். ஒரு தடவையோடு முடியவில்லை. முதல் தடவை டாக்டர் லீவு. இரண்டாம் தடவை, கொண்டுபோன போட்டோ சரியில்லை என்றார்கள். முகம் மட்டும் இருந்தால் போதாதாம், கால் தெரிய வேண்டுமாம். ஸ்டுடியோக்காரர் முன்னால் பாவாடையை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு என் தங்கை உட்கார்ந்தாள். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

வண்டி வந்தது. பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒன்று, நடுவில் நாற்காலி. பெடல் காலுக்கு இல்லை. நெஞ்சுக்கு நேரே கையால் சுற்றுகிற மாதிரி இருக்கும். அங்கிருந்து சங்கிலி முன்சக்கரத்துக்கு இறங்கும். அதே கைப்பெடலைத் திருப்பினால் வண்டியும் திரும்பும். குழாயெல்லாம் மெலிசு, நீலப் பெயிண்டு. அதைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நாலே மாதத்தில் டவுனில் ராணிக்குத் தெரியாத சந்து இல்லை. அடுத்த வருடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் பூத் வைத்தாள். ஊரில் பாதிப் பேரின் காதல், கல்யாணம், சாவுச் செய்தி எல்லாம் அவள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்தான் நடந்தன.

3

தொண்ணூற்று ஏழில் நான் இங்கே வந்தேன். தோல் ஷாப்புக்கு ரசாயனம் விற்ற கம்பெனியே கூட்டிக்கொண்டு வந்தது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். ராணி ஓர் அறை வீட்டில் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் பூத்துக்கு நான் போன் செய்வேன். என் மகள் ஷீபாவிடம் போனைக் கொடுப்பேன். “ஹலோ அத்தை, சாப்ட்டீங்களா?” என்பாள், உடனே என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் சாப்பாட்டோடு நின்றுவிட்டது. அதற்கும் எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராணி போனில் அழுதாள். அவள் அழுது நான் கேட்டதில்லை.

வண்டியின் சங்கிலி கழன்றுகொண்டே இருந்திருக்கிறது. சைக்கிள் கடைக்குப் போயிருக்கிறாள். நம் ஊர்க் கடைகளில் கூரையிலிருந்து இரண்டு கொக்கி தொங்கும். ஒன்றில் சீட்டை மாட்டுவார்கள், இன்னொன்றில் ஹேண்டில்பாரை. ராணியின் வண்டி அந்தக் கொக்கிகளில் எப்படி மாட்டும்? “இது வண்டியாம்மா, தேரா?” என்று கடைக்காரர் சிரித்திருக்கிறார். கடைக்குள் இடமில்லை என்று தெருவிலேயே போட்டுப் பிரித்திருக்கிறார். வண்டியைப் பிரித்தால் நாற்காலியும் போய்விடும். அதனால் ராணியை இறக்கி, பிளாட்பாரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ஒருவர் அவள் மடியில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

“கையில பூத்து சாவி வச்சிருக்கேன்ணே. வாட்ச் கட்டியிருக்கேன். சர்ச்சுக்குக் கட்டுற சேலை கட்டியிருக்கேன். அந்தாளு கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலண்ணே. கீழ உக்காந்திருக்கது மட்டுந்தேன் தெரிஞ்சிருக்கு.”

“நீ என்ன சொன்ன?”

“வாயே வரல. காசு மடியிலயே கெடந்துச்சு.”

நான் இங்கே சமையலறையில் நின்றுகொண்டு கத்தினேன். அந்த ஆளைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன், வண்டியைச் செய்தவனைத் திட்டினேன். ஷீபா கதவைச் சாத்திக்கொண்டாள். ராணி நான் ஓயும் வரை காத்திருந்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

“இனிமே எந்தக் கடைக்கும் போக மாட்டேன். வீட்டுலயே நானே பாத்துக்கிறேன். எல்லாம் எனக்கு அத்துப்படிண்ணே. முன்சக்கரத்துப் பல்லுச்சக்கரத்தக் கழட்டுற திருகு சாவி ஒண்ணு மட்டும் நல்லதா வாங்கியா. இங்க விக்கிறது ரெண்டு தரத்துல மழுங்கிப் போகுது.”

“சாவியா?” என்றேன். “ஒனக்கு நான் என்ன கொண்டாரேன் பாரு!”

4

இங்கே கடையில் அந்த ஸ்டாண்டைப் பார்த்து ரொம்ப நாளாகவே எனக்கு ஓர் ஆசை இருந்தது. ஷீபாவையும் கூட்டிக்கொண்டு போனேன். என் டச்சுப் பேச்சு கடைக்காரர்களுக்குப் பாதிதான் புரியும். மீதியை அவள் சொல்வாள். சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

கடைக்காரர் இளைஞர். எந்த வண்டிக்கு என்று கேட்டார். சொன்னேன். குழாயின் கனம் என்ன, படம் இருக்கிறதா, எந்த இடத்தில் பிடிக்கப் போகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சைக்கிளிலேயே பிறந்து வளர்ந்த ஊர்க்காரனிடம் இந்தப் பையன் பாடம் எடுக்கிறானே என்று இருந்தது. “அத்தைகிட்ட ஒரு போன் பண்ணிக் கேட்டுக்கலாம்ப்பா” என்றாள் ஷீபா, டச்சில். எனக்குத் தெரியாத வண்டியா, நான் சுமந்து வாங்கித் தந்த வண்டிதானே என்றேன். கடையிலேயே உயர்ந்ததைக் காட்டி, அதைக் கட்டச் சொன்னேன்.

அடுத்த வருடம் ஊருக்குப் போனபோது, சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அட்டைப் பெட்டியைக் கிழித்துப் பார்த்தார்.

“என்ன சார் இது, கேமரா ஸ்டாண்டா?”

“சைக்கிள் ஸ்டாண்டு.”

“சைக்கிள்லயே ஸ்டாண்டு இருக்குமே சார்?”

விளக்கினேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வந்து கவ்விக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, இது ஆஸ்பத்திரிச் சாமானா, ஷூட்டிங் சாமானா என்று கேட்டார். ஊனமுற்ற தங்கைக்கு என்றேன். அப்படியானால் ஊனத்துக்கான சான்றிதழ் எங்கே என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஏறிய அதே மாடிப்படியில் மறுபடி நிற்பது போல இருந்தது. அங்கேயே சண்டை போட்டேன். நாலு பேர் வேடிக்கை பார்க்க, ஒரு படிவத்துக்கு மூன்று படிவம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ரயிலில் திண்டுக்கல் போய்ச் சேரும் வரை அந்தப் பெட்டியைக் காலடியை விட்டு நகர்த்தவில்லை. பெரிய காரியம் செய்கிறோம் என்று நெஞ்சு விம்மிக்கொண்டிருந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பெட்டியைப் பிரித்தேன். அதற்கு முன்னால் ராணி, தான் எப்படி வேலை பார்க்கிறாள் என்று எனக்குக் காட்டினாள். தேங்காய் நார் அடைத்த இரண்டு சாக்குகளைச் சுவரோரம் போட்டிருந்தாள். வண்டியை அதன்மேல் ஒருக்களித்துச் சாய்த்துவிடுவாள். பழைய டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி வைத்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்து, வண்டிக் குழாயையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்து இழுத்துக் கட்டினாள். முன்சக்கரம் காற்றில் நின்றது. தரையில் உட்கார்ந்திருந்த அவள் நெஞ்சுக்கு நேரே சங்கிலி வந்தது.

“ஆட்டிப் பாருண்ணே. அசையாது.”

ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. “சரி, சரி. இந்தச் சாக்கு மூட்டையெல்லாம் இனிமே எதுக்கு?” என்று சிரித்தேன். கட்டை அவிழ்த்தேன்.

ஸ்டாண்டை நடு அறையில் விரித்தேன். கைப்பெடலுக்குக் கீழே இருந்த குழாயைக் கவ்வியில் கொடுத்து வண்டியைத் தூக்கினேன். சைக்கிளைப் போல இரண்டு மடங்கு கனம். ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

“அண்ணே, அந்தக் குழா மெலிசுண்ணே. செத்த இரு.”

“நீ சும்மா இரு ராணி. இது ஹாலந்து சாமான்.”

இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன். மடக்கென்று ஒரு சத்தம். பப்பாளித் தண்டு நசுங்குவது போலக் குழாய் நசுங்கி, வண்டியின் முன்பாகம் மடிந்து தொங்கியது.

நான் கத்த ஆரம்பித்தேன். இதுவா குழாய், இதுவா இரும்பு, காண்டிராக்ட் எடுத்தவன் எத்தனை தின்றானோ, நடக்க முடியாதவர்களுக்குத்தானே என்று தகரத்தை உருட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கத்தினேன். சொன்னது எல்லாமே உண்மைதான். ராணி தரையில் இருந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி அவள் தலைக்கு மேலே தொங்கியது. நசுங்காமல் இருந்திருந்தாலும் அவள் கைக்கு அது எட்டியிருக்காது. அதை அப்போதுதான் பார்த்தேன்.

“பைப்ப ஏண்ணே வைற? பன்னெண்டு வருசம் ஓடுச்சுல்ல?” என்றாள். “இது நின்னுக்கிட்டு வேலை பாக்குறவுகளுக்குச் செஞ்சது. நான் என்னைக்குண்ணே நின்னேன்?”

கவ்வியைத் தளர்த்தி வண்டியைத் தரையில் இறக்கினேன்.

“நான் கேட்ட சாவி?”

வாங்கவில்லை. அந்தச் சாவி என் சட்டைப் பையில் அடங்கியிருக்கும்.

6

வில்லெமுக்குத் துணைக் கவ்வி வந்த அன்று மாலை, ஷீபாவிடம் ஒரு கடிதம் டச்சில் எழுதித் தரச் சொன்னேன். என் தங்கையின் வண்டியை உங்கள் ஸ்டாண்டு நசுக்கிவிட்டது, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று அதே கம்பெனிக்குக் கேட்க வேண்டும் என்றேன். நடந்ததை அவளுக்கு அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னேன். அவளுக்கு இப்போது பதினான்கு வயது. நான் சொன்னதை முழுதும் கேட்டாள்.

“முறுக்கினது நீங்கதானப்பா?” என்றாள். அத்தனையும் தமிழிலேயே சொன்னாள்.

கடிதம் எழுதவில்லை. என்னை எதிர்த்துப் பேச மட்டும் அவளுக்குத் தமிழ் வருகிறது என்று வழக்கம்போல ஒரு கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது.

7

திண்டுக்கல்லில் குழாய் நசுங்கியதற்கு மறுநாள் திங்கட்கிழமை. பூத்தைத் திறக்க வேண்டும். ஒரு நாள் திறக்காவிட்டால் ஆட்கள் அடுத்த கடைக்குப் போய்ப் பழகிவிடுவார்கள். செல்போன் வந்த பிறகு வருகிற ஆட்களே குறைவு. விடிந்ததும் ஒரு குட்டியானை வண்டி பிடித்து, உடைந்ததை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“குழாய மாத்தி ஒட்டிரலாம். ஆனா ஆளு எங்க?”

“ஆள் எதுக்கு?”

“கை நீளம் தெரியணும்ல? சும்மா ஒட்டிட்டா பெடலு எட்டாது, இல்ல நெஞ்சுல இடிக்கும். அவுக உக்காந்து பாத்தாத்தேன் அளவு வரும். கூட்டியாங்க.”

நான் கெஞ்சினேன். அளவெடுத்து வருகிறேன் என்றேன். அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது. வீட்டுக்குப் போய் ராணியிடம் சொன்னேன். தலை சீவிக்கொண்டாள், வாட்சைக் கட்டிக்கொண்டாள். ஆட்டோவில் கூட்டி வந்தேன். நாற்காலிப் பகுதியில் உட்கார வைத்து அளவு பார்த்தார்கள். பிறகு ஒட்ட வேண்டும், நெருப்புப் பொறி பறக்கும், இறங்குங்கள் என்றார்கள். பட்டறைக்குள் உட்கார இடமில்லை. எந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று அவள் என்னிடம் போனில் அழுதாளோ, அப்படியொரு பிளாட்பாரத்தில் நானே என் கையால் அவளை இறக்கி வைத்தேன்.

நான் அவள் பக்கத்தில் காவல்காரன் போல நின்றேன். வருகிற போகிறவர்களையெல்லாம் முறைத்தேன். அப்படியும், வெற்றிலைக் கட்டோடு வந்த ஒரு பெரியவர் போகிற போக்கில் ஒரு காசை அவள் முன்னால் போட்டுவிட்டு நடந்தார்.

“யோவ்!” என்று பாய்ந்தேன்.

“அண்ணே. நீ சும்மா இரு.” ராணி என் பேண்டைப் பிடித்து இழுத்தாள். பிறகு அவரைக் கூப்பிட்டாள். “ஐயா, செத்த நில்லுங்க. காசு கீழ விழுந்துருச்சு பாருங்க.”

அவர் திரும்பினார். “ஒனக்குத்தேன் போட்டேன் ஆத்தா.”

“எனக்கு எதுக்குங்கய்யா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல போன் பூத்து வச்சிருக்கேன். வண்டி வேலை நடக்குது, அதேன் உக்காந்திருக்கேன். எடுத்துக்கங்க.”

குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. காசை அவள் தொடவும் இல்லை. பெரியவர் என்னைப் பார்த்தார், பட்டறைக்குள் இருந்த வண்டியைப் பார்த்தார். கட்டை இறக்கி வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். காசை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். உடனே எழுந்திருக்கவில்லை.

“தப்பா நெனைக்காத ஆத்தா. கண்ணு சரியாத் தெரியல.”

“பரவாயில்லங்கய்யா.”

“எந்தப் பூத்து? மஞ்ச போர்டு போட்டிருக்குமே, அதா?”

“அதேன்.”

“அட, நான் குஜிலியம்பாறையில இருக்க மகளுக்குப் பேச அங்கதான் வருவேன். கண்ணாடிக்கு உள்ள பாத்திருக்கேன். வேற ஆளு மாதிரில்ல இருக்க?”

மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது என்றார். என்ன பிள்ளை என்று ராணி கேட்டாள். பட்டறையில் பொறி பறந்தது. இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் கையை முறுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். யாரிடம் சண்டை போடுவது என்று தெரியவில்லை.

ராணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நீயும் உக்காருண்ணே. எம்புட்டு நேரந்தேன் ஒன்ன அண்ணாந்து பாத்துப் பேசுறது? கழுத்து வலிக்குது.”